கிளி வளர்ப்பு: பேச்சுக்குப் பின்னால் இருக்கும் சங்கதி

சேரன்மகாதேவியில் எங்கள் பெரியம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து “யாருல அது?” என்று ஒரு அதட்டல் வரும். பெரியப்பா குரல். ஆனால் பெரியப்பா வயலுக்குப் போயிருப்பார். உத்தரத்தில் தொங்கும் இரும்புக் கூண்டுக்குள்ளிருந்து கிளி கழுத்தைச் சாய்த்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். வந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். கோடை விடுமுறைகளில் அந்த ஒரு அதட்டலைக் கேட்பதற்காகவே நான் தெருவுக்கும் நடைக்குமாக நாலைந்து தடவை போய் வந்திருக்கிறேன். அது ஏன் அப்படிக் கேட்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. கிளி என்றால் பேசும், பேசுவதற்குத்தான் கிளி என்று இருந்துவிட்டோம்.

கிளி வளர்ப்பவர்கள் படுகிற பாடு, கிளி படுகிற பாடு இரண்டுக்கும் வேர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கிளி தனித்து வாழும் பறவை அல்ல. காலையில் கூட்டமாகக் கிளம்பும், கூட்டமாக மேயும், சாயங்காலம் ஒரே மரத்தில் மொத்தமாக வந்து அடையும். ஆற்றங்கரை மருத மரங்களில் கிளிகள் அடையும் நேரத்தில் அடியில் நின்று பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு ஒரு பொருள் உண்டு. ‘நான் இங்கே இருக்கேன், நீ எங்கே?’ என்ற விசாரிப்பு அது. தன் கூட்டத்தின் குரலைக் கேட்டு, கற்று, அதே குரலில் பதில் சொல்லும் திறமை பறவைகளில் வெகு சில வகைகளுக்கே உண்டு. கிளிக்கு அது நன்றாகவே வாய்த்திருக்கிறது. வெனிசுலாவில் ஒரு சிறு கிளியினத்தின் கூடுகளுக்குள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். தாயும் தகப்பனும் ஒவ்வொரு குஞ்சையும் தனித்தனிக் குரலில் கூப்பிடுகின்றன, குஞ்சுகள் அதைத் தங்கள் அடையாளமாகவே பிடித்துக்கொள்கின்றன என்று தெரியவந்தது. 2011-இல் வெளியான ஆய்வு அது. கிட்டத்தட்டப் பெயர் வைப்பது மாதிரிதான்.

இப்போது அந்தக் குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்து வந்து ஒரு வீட்டில் வையுங்கள். அதற்குக் கூட்டம் என்று இருப்பது அந்த வீட்டு மனிதர்கள் மட்டும்தான். ஆகவே அவர்கள் குரலைப் படிக்கிறது. வாசலில் ஆள் வரும்போது இந்தக் கூட்டம் எழுப்பும் சத்தம் ‘யாருல அது’ என்று புரிந்துகொண்டு தானும் எழுப்புகிறது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். உண்மையில் அது நம்மோடு சேரப் பார்க்கிறது. தோப்பில் இருக்கும் கிளி நம் பாஷையைப் பேசுவதில்லை. அதற்குப் பேச்சுத் துணைக்குக் கிளிகள் இருக்கின்றன.

பேச்சு வரவழைக்க நம் பக்கத்தில் நடக்கிற வைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன். பச்சை மிளகாய் கொடுத்தால் நாக்குத் தடிப்பு குறைந்து பேசும் என்பார்கள். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. நமக்கு எரிச்சலைத் தரும் பொருளை உணரும் அமைப்பு பறவைகளில் வேறு மாதிரி இருக்கிறது. அதனால் கிளி மிளகாயைக் கொய்யாக்காய் மாதிரி கடித்துத் தின்னும். நமக்குத்தான் கண் கலங்கும். கெடுதல் ஒன்றும் இல்லை, மிளகாயில் வைட்டமின் ஏ கூட உண்டு. ஆனால் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிளியின் குரல் பிறப்பது தொண்டைக்குக் கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள குரலுறுப்பில். நாக்கு அந்தச் சத்தத்தை வளைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, கழுத்தில் ஆரம் இல்லை, இது பொட்டை, பேசாது என்று குஞ்சை ஒதுக்குவார்கள். ஆணுக்கே அந்தக் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் தெளிவாக விழ இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

நெல்லைச் சீமையில் கிளி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. ஊருக்குள் பார்ப்பது பச்சைக்கிளி. மலையடிவாரத்தில், ஆண் கிளிக்குத் தலை மட்டும் கத்தரிப்பூவும் சிவப்பும் கலந்த நிறத்தில் இருக்கும் செந்தலைக்கிளி. பாபநாசம், களக்காடு மலைகளுக்கு மேலே ஏறினால் நீலச் சிறகுக் கிளி, இது மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அதே காடுகளில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியே தூங்கும் சின்னஞ்சிறு கிளி ஒன்றும் உண்டு. இவை போக, வியாபாரிகள் ‘நல்லாப் பேசும்’ என்று கூடுதல் விலை சொல்லி விற்பது தோளில் சிவப்புப் பட்டை உள்ள பெரிய பச்சைக்கிளி. அலெக்சாண்டர் பெயரை வெள்ளைக்காரர்கள் வைத்தது இதற்குத்தான்.

கோழி, ஆடு, மாடு, நாய் மாதிரி கிளியும் வீட்டுப் பிராணிதானே, காலங்காலமாக வளர்க்கிறோமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டாள் தோளிலும் மீனாட்சி கையிலும் கிளி இருக்கிறது, பாட்டன் காலத்துக் கதைகளில் இருக்கிறது, நிஜம்தான். ஆனால் கோழி ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதர் கையிலேயே முட்டையிட்டு, மனிதர் கையிலேயே பொரித்து, தலைமுறை தலைமுறையாக மாறி வந்த உயிர். பச்சைக்கிளி அப்படி இல்லை. நம் ஊரில் கூண்டில் இருக்கும் கிளியின் தாய் பெரும்பாலும் ஏதோ ஒரு மரப்பொந்தில் இருந்திருக்கும். கிளி நம்மிடம் பழகலாம். பழகுவது வேறு, வீட்டுப் பிராணி ஆவது வேறு. காட்டு உயிரின் உடம்பும் புத்தியும் அப்படியே இருக்க, இடம் மட்டும் ஒன்றரை அடிக் கூண்டாக மாறுகிறது.

அந்தப் பொந்து எங்கே இருக்கிறது? திசையன்விளை, உடன்குடி, ராதாபுரம் பக்கம் போனால் தலை போன பனைகள் நிற்கும். மொட்டைப்பனை. இடி விழுந்தோ வண்டு தின்றோ பட்டுப்போனவை. கிளியால் மரத்தைக் குடைய முடியாது, இருக்கும் பொந்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள மட்டும் தெரியும். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன ஓட்டையிலோ தானாக உளுத்த குழியிலோ குடியேறும். தை, மாசி, பங்குனி அதற்கு முட்டை, குஞ்சுக் காலம். மூன்று நான்கு முட்டை, மூன்று வாரத்துக்கு மேல் அடைகாப்பு, அதன் பிறகு ஆறேழு வாரம் குஞ்சு பொந்துக்குள்ளேயே இருக்கும். இறகு முளைக்காத அந்த வாரங்களில்தான் பனையேறத் தெரிந்த யாராவது கையை விட்டு எடுக்கிறார்கள். எடுக்கும்போது பொந்தின் வாய் பெயர்ந்தால் அந்த மரத்தில் அடுத்த வருஷம் கிளி வராது. எடுத்த குஞ்சுகள் துணிப்பையிலும் கூடையிலும் கைமாறிப் போகும் வழியில் சாவது நிறைய. வீட்டுக்கு வந்து சேர்கிற ஒரு குஞ்சைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன்னால் செத்தவை கணக்கில் வருவதில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதில் இன்னும் பலருக்குத் தெளிவில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பச்சைக்கிளி முதலில் நான்காம் பட்டியலில் இருந்தது. 1990-91 சமயத்தில் இந்தியப் பறவைகளை வாங்கி விற்பதற்கு முழுத் தடை வந்தது. அப்புறம் 2022-இல் சட்டத்தைத் திருத்தி, பட்டியல்களைக் குறைத்து மாற்றி அமைத்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பச்சைக்கிளி இப்போது இரண்டாம் பட்டியலில். பிடிப்பதும் விற்பதும் மட்டும்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம், வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ‘நான் பிடிக்கல, தானா வந்துச்சு’, ‘பத்து வருஷமா பிள்ள மாதிரி வளர்க்கேன்’ என்பதெல்லாம் உணர்ச்சிக்குச் சரி, சட்டத்தில் இடமில்லை. இதற்கு உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்ற வழியும் கிடையாது. 2023-இல் சென்னையில் ஒரு சினிமா நகைச்சுவை நடிகர் வீட்டில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகள் இருந்ததற்கு பெரிய தொகை அபராதம் போட்ட செய்தி வந்த பிறகுதான் எங்கள் தெருவில் ரெண்டு வீட்டு வாசல் கூண்டு பின்கட்டுக்குப் போனது. அதனால் கிளிக்கு ஆன நன்மை ஒன்றுமில்லை. முன்பு தெருவையாவது பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கிளி ஜோசியக்காரர்கள் நிலைமை இன்னும் சங்கடம். சின்ன மரப்பெட்டி, வெட்டிய சிறகு, ஒரு சீட்டுக்கு ஒரு நெல்மணி. கோவில் வாசல்களில் தலைமுறையாகச் செய்த தொழில். 2024 தேர்தல் நேரத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துச் சொன்ன ஜோசியரை வனத்துறை பிடித்து எச்சரித்து விட்டது ஊரெல்லாம் பேச்சானது. வேட்பாளரை விட்டுவிட்டு ஜோசியனைப் பிடிப்பதா என்று கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் உண்டு. இருந்தாலும் சிறகு வெட்டிய கிளியைச் சட்டைப்பை அளவு பெட்டியில் நாள் முழுக்க அடைத்து வைப்பதை மரபு என்று சொல்லித் தாங்கிப் பிடிக்க என்னால் முடியவில்லை. அந்த மனிதருக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்யாமல் கிளியை மட்டும் பறிப்பதும் சரியாகப் படவில்லை.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வளர்ப்பை மட்டும் பார்ப்போம். முதல் தவறு சாப்பாட்டில் நடக்கிறது. குஞ்சு வந்ததும் பாலும் சோறும் பிசைந்து ஊட்டுவார்கள். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பறவைகளுக்கு இல்லை. சோற்றில் சுண்ணாம்புச் சத்து இல்லை. வெயில் படாத நடைக்குள் வைட்டமின் டி-யும் கிடைக்காது. விளைவு, எலும்பு வளைந்து, கால் அகண்டு, தவழ்ந்து நடக்கிற கிளி. ‘பிறவிலேயே அப்படி’ என்பார்கள். பிறவி இல்லை, பால்சோறு.

வளர்ந்த கிளிக்குச் சூரியகாந்தி விதை. தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கிற பருவத்தில் படம் எடுக்க வரும் கூட்டத்தைச் சொல்வார்கள், விதை முற்றும்போது வரும் கிளிக்கூட்டத்தை விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் சொல்வார்கள். அந்த விதை கிளிக்கு அவ்வளவு பிடிக்கும். வயலுக்கு வரும் கிளி பல மைல் பறந்து எரிக்கிற கொழுப்பு அது. கூண்டுக்கிளி ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்குத் தாவுவதோடு சரி. கொழுப்பு ஈரலில் படியும். விதை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்து வாய்க்குள் வெள்ளைப் புண், மூக்கடைப்பு, அடிக்கடி சளி என்று வரிசையாக வரும். முருங்கைக்கீரை, காரட், பப்பாளி, கொய்யா, முளைகட்டிய பயறு, வேலியோரம் சும்மா கிடைக்கிற கோவைப்பழம் எல்லாம் தேவை. கிளி மூக்குக்குக் கோவைப்பழத்தை உவமை சொன்னவர்கள் அது கோவைப்பழம் தின்பதையும் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். பிரியத்தில் காப்பி, மிக்சர், சாக்லேட், பட்டர் புரூட் கொடுப்பவர்கள் உண்டு. கடைசி இரண்டும் கிளிக்கு விஷம். காப்பியும் உப்பும் அவ்வளவு சின்ன உடம்புக்குத் தாங்காது.

அந்த உடம்பின் எடையைச் சொல்லிவிடுகிறேன்: சுமார் 120 கிராம். இரண்டு கோழி முட்டை எடை.

காற்று அடுத்த ஆபத்து. பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகள் உடம்பு முழுக்கப் பரவியிருக்கின்றன. மூச்சில் வருவதை நம்மைவிட வேகமாக, முழுமையாக உள்வாங்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கூண்டில் குருவியைக் கொண்டுபோனது இதனால்தான். நம் வீட்டில் சாயங்காலம் சாம்பிராணி, ராத்திரி கொசுவத்திச் சுருள், பக்கத்தில் அடுப்படி. எல்லாவற்றையும்விட மோசம், நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவது. காய்ந்து மிகச் சூடேறினால் அதன் பூச்சிலிருந்து வரும் ஆவி நமக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், கிளிக்குச் சில நிமிஷம்தான். ‘நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு விழுந்து செத்துட்டு’ என்று சொல்லப்படும் கதைகள் சிலவற்றுக்குப் பின்னால் ஒரு தோசைக்கல் இருக்கக் கூடும்.

கூண்டு விஷயத்தில் நம் ரசனையே தப்பு. கோபுரம் வைத்த உருண்டைக் கூண்டு பார்க்க அழகு. கிளி மேலும் கீழும் பறப்பதில்லை, பக்கவாட்டில் பறக்கும். உயரம் அதற்கு வீண், அகலம்தான் தேவை. பயந்தால் ஒதுங்கி நிற்க உருண்டைக் கூண்டில் ஒரு மூலைகூட இல்லை. உள்ளே ஒரே தடிமனில் வழவழவென்று ஒரு குச்சி. நாள் முழுக்க ஒரே இடத்தில் பாதம் அழுந்தி அடியில் புண் வரும். வேப்பங்கொம்பையோ கொய்யாக்கொம்பையோ பட்டையோடு வெட்டிப் போட்டால் பாதத்துக்கும் நல்லது, கடிக்கவும் ஆச்சு. கிளிக்கு அலகு வளர்ந்துகொண்டே இருக்கும், கடிப்பது அதற்குத் தொழில். கடிக்க ஒன்றும் இல்லையென்றால் கூண்டின் துத்தநாகப் பூச்சைச் சுரண்டித் தின்று நஞ்சேறும்.

வெயில் வேறு. சித்திரை மாசம் பாளையங்கோட்டையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே கூண்டைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பறவைக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். அப்படி நிற்கும் கிளியைப் பார்த்து ‘சிறகடிச்சு விளையாடுது’ என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தூக்கமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். டிவி பதினொரு மணி வரை ஓடும் கூடத்தில் அது நடக்காது. தீபாவளி ராத்திரியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சத்தம், கடி, எச்சம் இவை வளர்ப்பவருக்கு வரும் தொல்லைகள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு கிளி காலையிலும் சாயங்காலமும் கத்தினால் தெருவே எழும். அந்த இரண்டு நேரமும் காட்டில் கூட்டம் புறப்படும் நேரமும் அடையும் நேரமும் ஆகும். அதட்டினால் அடங்காது. கத்தியதற்கு நாம் பதில் கொடுத்தோம் என்றே எடுத்துக்கொண்டு இன்னும் கத்தும். வீட்டில் ஒருவரைத் தன் ஜோடியாக வரித்துக்கொண்டு மற்றவர்களையெல்லாம் கடிப்பதும் உண்டு, அதுவும் இனப்பெருக்கக் காலத்தில் கேட்கவே வேண்டாம். குஞ்சில் மடியில் தூங்கிய கிளி மூன்று வயதில் ரத்தம் வரக் கடிக்கும்போது ‘கிறுக்குப் பிடிச்சுட்டு’ என்று கூண்டோடு கொல்லைக்குத் தள்ளுகிறார்கள். தனிமை கூடக் கூட, கிளி தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும். நெஞ்சு மொட்டையாகிவிட்ட கிளியைத் தோல் நோய் என்று நினைத்து மஞ்சள் தடவுவார்கள். சில சமயம் நோயும் இருக்கும், கிளிகளின் அலகையும் இறகையும் அழிக்கும் ஒரு வைரஸ் உண்டு. ஆனால் பல கிளிகளுக்கு அது சலிப்பும் ஏக்கமும்தான். தலை மட்டும் பச்சையாக இருக்கும், ஏனென்றால் தலைக்கு அலகு எட்டாது.

கிளிக்கு நோய் வந்தால் கடைசி நேரம் வரை காட்டிக்கொள்ளாது. காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் வல்லூறு தூக்கிவிடும் என்பதால் வந்த பழக்கம். சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று நாம் கவனிக்கும்போது பாதி கதை முடிந்திருக்கும். ஊர் கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும் பார்த்துப் பழகிய கைகள்தான் அதிகம். 120 கிராம் உடம்புக்கு மருந்து அளப்பது தனி வேலை. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது ஒரு பெரிய வசதி. அங்கே கொண்டுபோகவும் பலர் தயங்குகிறார்கள், வைத்திருப்பதே குற்றம் என்கிறபோது யார் துணிந்து போவார்கள்? சட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் ஏற்கெனவே கூண்டில் இருக்கும் கிளி இப்படி இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறது.

நமக்கு வரும் நோயும் உண்டு. கிளியின் எச்சம் காய்ந்து தூளாகிக் காற்றில் கலந்தால் அதிலிருக்கும் ஒரு பாக்டீரியா நம் நுரையீரலைத் தாக்கும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல். 1929-30-இல் தென்னமெரிக்காவிலிருந்து விற்பனைக்கு வந்த கிளிகள் வழியாக இது பல நாடுகளில் பரவி ஆட்களைச் சாகடித்தது. இன்று மருந்து இருக்கிறது, குணமாகிவிடும். மருத்துவரிடம் ‘வீட்டில் கிளி இருக்கிறது’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. மறுதலையாக, முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலும் கிளிக்குத் தொற்றலாம்.

இத்தனைக்கும் மேலே ஒரு கணக்கு இருக்கிறது, ஆயுள் கணக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பச்சைக்கிளி இருபது, இருபத்தைந்து வருஷம் இருக்கும். நம் ஊர்களில் இதற்குத் தனி அர்த்தம் வந்துவிட்டது. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட, பெரிய வீட்டில் ஆச்சியும் தாத்தாவும் மட்டும் இருக்கிறார்கள். பேச்சுத் துணைக்கு ஒரு கிளி. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பேசப்படும் வார்த்தைகளில் பாதியைக் கிளிதான் பேசுகிறது. ஒரு கல்யாணத்துக்கோ திருச்செந்தூருக்கோ இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போக முடியாது, ‘கிளியை யார் பாப்பா?’ என்ற கேள்வி வரும். அதற்கப்புறம் ஒருநாள் ஆச்சி போய்விடுகிறார், பன்னிரண்டு வயதுக் கிளி இருக்கிறது. எடுத்துப் போக யாருக்கும் தோதுப்படாது. எங்கள் பெரியப்பா இறந்த பிறகு எட்டு வருஷம் அந்தக் கிளி இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களையும் அது அதே குரலில்தான் “யாருல அது?” என்றது. பெரியம்மா மூன்றாம் நாள் கூண்டைச் சேலையால் மூடி வைத்தார்கள்.

உள்நாட்டுக் கிளிதானே தடை, வெளிநாட்டுக் கிளி வாங்கலாமே என்று இப்போது பலர் அந்தப் பக்கம் போகிறார்கள். கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று ஜோடி ஜோடியாக விற்பது நிஜத்தில் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர். பேரில் லவ் பேர்ட் ஆன பறவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு வகை. பட்ஜரிகரும் காக்கட்டீலும் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகியவை, சட்டச் சிக்கலும் குறைவு. சன் கான்யூர், மக்கா, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை அழிந்துவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் வருபவை. 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே வைத்திருக்க முடியும். சாம்பல் கிளியின் நிலைமை மோசமாகி 2016-இல் அதை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலுக்கு மாற்றினார்கள். அந்த இனத்தைச் சேர்ந்த அலெக்ஸ் என்ற கிளியோடு ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977 முதல் முப்பது வருஷம் வேலை செய்தார். நிறம், வடிவம் சொல்லும், ஆறு வரை எண்ணும். அவ்வளவு புத்தியுள்ள ஒன்றை, நாற்பது ஐம்பது வருஷம் வாழக்கூடிய ஒன்றை, தவணையில் வாங்கிப் பால்கனியில் வைப்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். சட்டம் மாறினாலும் பறவையின் தேவை மாறவில்லை.

சரி, இருக்கிற பச்சைக்கிளியை என்ன செய்வது? கூண்டைத் திறந்து விட்டுவிட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தாற்போல என்ற பழமொழி அப்படியே அச்சுப் பிசகாமல் நடப்பது இப்போதுதான். வருஷக்கணக்கில் பறக்காத மார்புத் தசைக்கு நூறு அடி தாண்ட வலு இருக்காது. எந்தக் காய் தின்னலாம், வல்லூறின் நிழல் எப்படி இருக்கும், காக்காய் துரத்தினால் எங்கே ஒளிவது எதுவும் அதற்குச் சொல்லித் தரப்படவில்லை. மனிதரைக் கண்டால் கிட்டே வரும். கூண்டு நோயை வெளிக்கூட்டத்துக்குக் கொண்டுபோகவும் கூடும். லண்டனிலும் பிரஸ்ஸல்ஸிலும் தப்பிய நம் பச்சைக்கிளி ஊரையே பிடித்துக்கொண்டதே என்று ஒரு நண்பர் வாதம் செய்தார். பிழைத்தவை கண்ணுக்குத் தெரிகின்றன, பிழைக்காதவற்றை யாரும் பார்க்கவில்லை. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரியான வழி. அங்கே பெரிய கூண்டில் மற்ற கிளிகளோடு சேர்த்து, பறந்து தசை தேறிய பிறகு மெல்ல வெளியே விட முடியும். சிறகெலும்பு போனவை கடைசி வரை கூட்டுக்குள்ளேயே இருக்கும், ஆனால் கிளிகளோடு இருக்கும்.

பறவையை அருகில் வைத்துக்கொள்ள நம் சீமையில் வேறொரு வழியும் பழக்கத்தில் உண்டு. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் நாரையும் வீட்டுப் புளியமரத்திலேயே கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றுக்காக வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்துத் தேற்றிப் பறக்க விடுகிறார்கள். எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். கிளிக்கும் அப்படி ஓர் ஏற்பாடு சாத்தியமா என்றால், சம்சாரி கையை விரிப்பார். மக்காச்சோளத்திலும் கம்பிலும் கிளி இறங்கினால் ஒரு கதிரில் நாலு மணி தின்று மீதியைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கதிருக்குப் போகும். சங்கப் பாட்டில் தினைப்புனத்துப் பெண்கள் தட்டை, குளிர் என்ற கருவிகளும் கவணும் வைத்துக் கிளி விரட்டிய காலத்திலிருந்தே இந்த வழக்கு இருக்கிறது. விரட்டினாலும் கொல்லாமல் விரட்டினார்கள். இப்போது தகர டப்பாவும் மினுங்கும் நாடாவும்.

கிளிக்கு நம்மால் தர முடிந்தது பொந்துதான். சாலையை அகலப்படுத்தப் பழைய மரங்கள் போய்விட்டன. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. பச்சைப் பனைக்கே அந்தக் கவலை இருக்க, மொட்டைப்பனைக்கு யார் பேசுவார்? செங்கல் சூளைக்குப் போகும். திசையன்விளை பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் விளையில் அப்படி மூன்று நிற்கின்றன. போன மாசியில் சூளைக்காரர் வந்து விலை பேசினார். நடுப்பனையில் பாதி உயரத்தில் ஓர் ஓட்டை, அதில் ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டக் கொண்டு போங்க. இது நிக்கட்டும், குஞ்சு இறங்கினப்புறம் பாப்போம்.” சித்திரையில் குஞ்சு இறங்கியது. ஆடிக்காற்றையும் தாங்கிக்கொண்டு பனை இன்னும் நிற்கிறது. சூளைக்காரர் இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்துவிட்டார்.